அன்றாட ஓட்டமும் ஐந்தாண்டுக் கணக்கும்: கொங்குத் தொழில் முதலாளிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருப்பூர், கோவை, ஈரோடு, கரூர், நாமக்கல் வட்டாரங்களில் பத்துப் பேர் முதல் இருநூறு பேர் வரை வேலைக்கு வைத்துத் தொழில் நடத்துபவர்கள், கணக்குப் பார்க்க உட்காரும்போது திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. விடைகள் சிலவற்றில் நீளம், சிலவற்றில் இரண்டு வரி. கேள்விக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு.

காலை எட்டு மணிக்குக் கம்பெனிக்குள் நுழைந்தால் இரவு ஒன்பது வரை ஃபோன் ஓய்வதில்லை. இதில் எதிர்காலத்தை எப்போது யோசிப்பது?

ஓய்வு கிடைக்கும்போது யோசிக்கலாம் என்று வைத்தால் அந்த ஓய்வு கிடைக்கவே கிடைக்காது. முதலில் அந்த ஃபோன்களைப் பாருங்கள். ஒரு வாரம், திங்கள் முதல் சனி வரை, வரும் ஒவ்வோர் அழைப்பையும் ஒரு வரியில் எழுதி வையுங்கள்: யார் கூப்பிட்டார், எதற்கு, நீங்கள் என்ன சொன்னீர்கள்.

ஒரு பனியன் கம்பெனியின் வியாழக்கிழமையை எடுத்துக்கொள்வோம். துணியைச் சுருக்கிச் சமன் செய்யும் காம்பாக்டிங்கில் துணி நிற்கிறது, ஜிஎஸ்எம் (துணியின் எடைக் கணக்கு) ஐந்து குறைகிறது, ஓட்டலாமா என்று கேட்கிறார்கள். எலாஸ்டிக் வேறு ஷேடில் வந்திருக்கிறது, திருப்பி அனுப்பட்டுமா என்கிறார்கள். தையல் வேலையை எடுத்துச் செய்யும் பவர் டேபிள் கான்ட்ராக்டர் முன்பணம் கேட்கிறார். டெம்போக்காரர் வாடகையில் இருநூறு ரூபாய் கூட்டிக் கேட்கிறார். பட்டன் மெஷின் நின்றுவிட்டது, மெக்கானிக்கைக் கூப்பிடலாமா என்று இன்னொருவர். இந்த ஐந்தில் உங்கள் அனுபவம் தேவைப்படுவது ஜிஎஸ்எம் ஒன்றுக்குத்தான். எலாஸ்டிக் ஷேடைப் பார்த்துத் திருப்பி அனுப்ப உங்கள் செக்கிங் ஆளுக்கே தெரியும். மற்றவையெல்லாம் உங்கள் வாயிலிருந்து ‘சரி’ என்ற சொல் வருவதற்காகக் காத்திருப்பவை. அதை நீங்கள் முன்கூட்டியே சொல்லிவிடலாம். மெக்கானிக், டெம்போ, சில்லறைச் சரக்கு ஆகியவற்றுக்கு மூவாயிரம் ரூபாய் வரை சூப்பர்வைசரே முடிவெடுக்கட்டும், மாலையில் சீட்டு வைக்கட்டும்.

‘இருநூறு, முந்நூறு என்று அடித்துவிடுவார்களே’ என்பார்கள். அடிக்கலாம். மாதம் இரண்டாயிரம் போனாலும் போகட்டும். அந்த இரண்டாயிரத்தைக் காப்பாற்றுவதற்காகத் தினமும் நாற்பது ஃபோன் எடுக்கும் முதலாளி, நூல் விலை ஏறப்போவதைக் கவனிக்காமல் ஒரே ஆர்டரில் இரண்டு லட்சத்தை விட்டுவிடுகிறார். இது நான் அடிக்கடி பார்க்கிற கணக்கு.

இப்படி மிச்சமாகும் நேரத்தில் வாரம் ஓர் அரைநாளை ஒதுக்குங்கள். புதன்கிழமை காலை பெரும்பாலோருக்குப் பொருந்தும். சனிக்கிழமை சம்பளம், திங்கட்கிழமை யார் வந்தார் யார் வரவில்லை என்ற கலவரம், இரண்டுக்கும் அது தள்ளி இருக்கிறது. கம்பெனிக்குள் உட்காராதீர்கள். கண்ணாடி அறைக்குள் முதலாளியின் தலை தெரிந்தால் எவரும் சும்மா விடமாட்டார்கள்.

நீண்டகாலத் திட்டம் எல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு. இருபது தையல் மெஷின், ஐந்து லேத் வைத்திருப்பவனுக்கு அது எதற்கு?

படம் போட்டுக் காட்டும் அறுபது பக்கத் திட்டம் வேண்டாம் என்பதில் உடன்படுகிறேன். ஆனால் யாருக்கு விற்கிறோம், எதைச் செய்து விற்கிறோம், யார் பணத்தில் நடத்துகிறோம், நமக்குப் பிறகு யார் என்ற நான்கும் ஐந்து மெஷின்காரருக்கும் உண்டு. அவர் யோசிக்காவிட்டாலும் இந்த நான்குக்கும் விடை தானாக எழுதப்பட்டுக்கொண்டுதான் இருக்கும்.

இந்த ஊர்க் கதையையே பாருங்கள். 1888இல் கோவையில் முதல் நூற்பாலை வந்தது. 1932இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்ததும் மில்கள் பெருகின. மில் பெருகியதால் உதிரி பாகம் செய்யும், பழுது பார்க்கும் பட்டறைகள் பெருகின. கரண்ட் தோட்டத்துக் கிணற்றுக்கும் போனது, மாடு பூட்டிக் கவலை இறைத்த இடத்தில் மோட்டார் வேண்டியிருந்தது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இங்கேயே மின்மோட்டார் செய்தார்கள். அதன்பின் பம்பு, வார்ப்படம், கிரைண்டர் என்று வரிசையாக வந்தன. எந்த அறையிலும் உட்கார்ந்து கோவையைப் பம்பு ஊராக்குவோம் என்று யாரும் தீர்மானம் போடவில்லை. பழுதுக்கு வந்த சாமானைப் பார்த்து, ‘இதை நாமே செய்தால் என்ன?’ என்று கேட்டவர்கள் செய்தார்கள்.

ஆகவே அன்றாட வேலையை எதிர்காலத்துக்கு எதிரியாக நினைக்க வேண்டியதில்லை. எந்தச் சரக்கு திரும்பி வருகிறது, எந்த வாடிக்கையாளர் நம்மிடம் இல்லாததைக் கேட்டுவிட்டுப் போகிறார், எந்த வேலையை வெளியே கொடுத்துக் காத்திருக்கிறோம் என்பவை அன்றாடக் குறிப்பில்தான் கிடைக்கும். அந்தக் குறிப்பை வாரத்துக்கு ஒரு முறையாவது உட்கார்ந்து படிக்க ஆள் இல்லை என்பதுதான் குறை.

இவ்வளவு யோசித்து என்ன ஆகிவிடும்? வருகிறபோது பார்த்துக்கொள்ளலாம் என்றுதானே எங்கள் அப்பா காலத்தில் நடத்தினார்கள்?

இதற்கு நொய்யல் ஆற்றைத் தாண்டி உதாரணம் தேட வேண்டியதில்லை.

திருப்பூரின் சாயப்பட்டறைக் கழிவுநீர் நொய்யலில் ஓடி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்துக்கென்று கட்டிய அணை உப்பும் சாயமும் தேங்கும் குட்டையாக மாறியது. கீழ்ப்பாசன விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக்கூடாது என்று உத்தரவிட்டது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்து, மூன்று மாத அவகாசம் கொடுத்தது. 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது. கையில் ஆர்டர் இருந்த பனியன் கம்பெனிகள் துணியைச் சாயமேற்ற வெளி மாநிலத்துக்கு லாரியில் ஏற்றின.

முதல் உத்தரவுக்கும் மூடலுக்கும் இடையில் நான்கு ஆண்டுகளுக்கு மேல் இருந்தன. அந்த ஆண்டுகளில் எவரும் சோம்பி உட்காரவில்லை. எல்லோரும் ராப்பகலாக வேலை பார்த்தார்கள், அந்த வாரத்து லாட்டை முடிப்பதில். பொது சுத்திகரிப்பு நிலையம் கட்டுவது, சவ்வு வைத்துத் தண்ணீரைப் பிரிப்பது, மிஞ்சும் உப்புத் தண்ணீரைக் காய்ச்சி உப்பைத் திரும்ப எடுப்பது என்பதெல்லாம் கோடிகளில் செலவாகும் வேலை, தொழில்நுட்பமும் அப்போது முழுதாகக் கைவரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எல்லாப் பழியும் முதலாளி தலையில் போடுவதற்கில்லை. ஆனால் ‘கடைசியில் ஏதாவது தடையாணை வந்துவிடும்’ என்று இருந்தவர்களும், அந்த நான்கு ஆண்டுகளில் பணம் சேர்த்து, இடம் பார்த்து, கூட்டுச் சேர்ந்தவர்களும் 2011க்குப் பிறகு ஒரே நிலையில் இல்லை. இன்று அந்தச் சுத்திகரிப்பு முறைதான் வெளிநாட்டு பையர்களிடம் (சரக்கு வாங்குபவர்களிடம்) திருப்பூர் காட்டும் முதல் சான்றிதழ்.

உங்கள் தொழிலில் இப்போது ‘2006ஆம் ஆண்டு உத்தரவு’ எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே செய்தித்தாளில் வந்துவிட்டது, இன்னும் வீட்டு வாசலுக்கு வரவில்லை என்ற நிலையில் ஏதேனும் ஒன்று நிச்சயம் இருக்கும்.

சனிக்கிழமை சம்பளம் போடுவதே பெரும்பாடு. எதிர்காலத்துக்கென்று பணம் எங்கே ஒதுக்குவது?

வாரச் சம்பளம் உள்ள ஊரில் பணத்தின் கவலை எல்லாம் வெள்ளிக்கிழமை மாலையில் வந்து நிற்கும். அது இயல்பு. அதை வைத்தே ஒரு வழி இருக்கிறது. சம்பளப் பட்டியலில் கடைசிப் பெயராக ‘மெஷின்’ என்று ஒரு வரி சேருங்கள். ஒரு தையல்காரருக்கு என்ன கூலியோ அதே கூலி அதற்கும். வாரா வாரம் அது தனிக் கணக்குக்குப் போகட்டும். லாபம் வந்தால் ஒதுக்கலாம் என்றால் ஒதுங்காது. கூலி என்றால் எப்பாடு பட்டாவது கொடுத்துவிடுவோம், அந்தப் பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு.

ஆடிட்டர் கணக்கில் தேய்மானம் என்று ஒரு தொகை எழுதுகிறாரே, அது வரியைக் குறைக்க எழுதும் எண். பணமாக எங்கும் சேர்வதில்லை. பத்து வருடம் கழித்து மெஷின் தேய்ந்து நிற்கும்போது தேய்மானம் புத்தகத்தில் முழுதாக இருக்கும், பெட்டியில் ஒன்றும் இருக்காது.

இன்னொரு பக்கம், வர வேண்டிய பணம். வாரக் கூலி கொடுத்து, மூன்று மாதம் கழித்து வாங்குவது என்பது நம் பணத்தில் அடுத்தவர் தொழில் நடத்துவது. சட்டம் இதில் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. உத்யம் பதிவு (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) உள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டமே சொல்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரிச் சட்டத்திலும் பிடி போட்டிருக்கிறார்கள். கெடுவுக்குள் தராத தொகையை, தரும் வருடம் வரை வாங்கியவர் செலவாகக் காட்ட முடியாது. மார்ச் மாதத்தில் சிலருக்குத் திடீரென்று பணம் வந்து சேர்வதன் ரகசியம் இதுதான்.

‘சட்டம் பேசினால் அடுத்த ஆர்டர் வராதே’ என்பது உண்மையான பயம். முதல் பில்லிலேயே நோட்டீஸ் விட வேண்டாம். ஆனால் பில்லில் உத்யம் எண்ணை அச்சிடுங்கள், பணம் வர வேண்டிய தேதியைப் போடுங்கள். கேட்காமலே நினைவூட்டும். வாங்குபவர் 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனமாக இருந்தால் ட்ரெட்ஸ் என்ற இணையத் தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அங்கே அவர் ஒப்புக்கொண்ட பில்லைத் தள்ளுபடியில் வங்கியிடம் கொடுத்து உடனே பணம் வாங்கிக்கொள்ளலாம். இங்கே பலர் இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை.

லாபம் வந்தால் காடு (விவசாய நிலம்) வாங்குவதா, மெஷின் வாங்குவதா?

இந்தக் கேள்விக்குக் கொங்கு நாட்டில் நேர்மையாக விடை சொன்னால் இரண்டு பக்கமும் திட்டு விழும்.

நிலம் வாங்கினவர் கெட்டதில்லை என்று அப்பாரு (தாத்தா) காலத்திலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதில் நியாயமும் உண்டு. தொழில் முடங்கிய காலத்தில் அவிநாசிப் பக்கம் இருந்த நாலு ஏக்கரை விற்றோ அடமானம் வைத்தோ கம்பெனியைக் காப்பாற்றியவர்கள் எத்தனையோ பேர். வங்கி கடனுக்கு ஈடாகக் கோலேட்டரல் என்று கேட்கும்போதும் சொத்துப் பத்திரம்தான் கை கொடுக்கிறது.

ஆனால் நடப்பு மூலதனத்தை எடுத்து நிலத்தில் போடுவது வேறு. வங்கியின் கேஷ் கிரெடிட் (நடப்புச் செலவுக் கடன்) கணக்கில் ஐம்பது லட்சம் வரம்பு இருக்கிறது என்பதற்காக அதிலிருந்து இருபது லட்சத்தை எடுத்துக் கிரயத்துக்குக் கொடுத்துவிட்டு, நூல் வாங்க மில்லிடம் கடன் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ரொக்கத்துக்கு வாங்கினால் கிடைக்கும் விலை கடனுக்குக் கிடைக்காது. கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய் வித்தியாசம், டன் கணக்கில், வருடம் முழுதும். நிலம் ஏறும் விலை அதற்கு ஈடாகுமா என்று கணக்குப் போட்டவர் ஒருவரையும் நான் காணவில்லை. பத்திரப் பதிவன்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷமாக இருப்பதால் யாரும் அந்தக் கணக்கைக் கேட்பதும் இல்லை.

என் கட்சி இது: மூன்று மாதச் சரக்கு, கூலி இரண்டுக்கும் கையில் பணம் நின்ற பிறகு மிஞ்சுவதில் காடு வாங்குங்கள். அதற்கு முன் வாங்கினால் அது சேமிப்பாகாது, கம்பெனியின் ரத்தத்தை எடுத்து வேலிக்குள் ஊற்றுவதாகும்.

மானியம் வருகிறது என்கிறார்கள். புது மெஷின் போட்டுவிடலாமா?

மானியம் இல்லையென்றாலும் இந்த மெஷினை வாங்குவீர்களா? ஆம் என்றால் வாங்குங்கள், மானியத்தையும் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுப் பெறுங்கள். இல்லை என்றால் விட்டுவிடுங்கள். மானியம் ஒரு தடவை, தவணை அறுபது தடவை.

இருக்கும் மெஷின் நாளுக்கு எத்தனை மணி நேரம் உண்மையில் வெட்டுகிறது என்று இரண்டு வாரம் எழுதிப் பாருங்கள். சிஎன்சி (கணினி இயக்கும் மெஷின்) பட்டறைகளில் செட்டிங், டூல் தேடுவது, மெட்டீரியல் வராமல் நிற்பது, டிராயிங் சந்தேகம் என்று பாதி ஷிப்ட் போய்விடுவது உண்டு. இரண்டாவது மெஷின் வாங்கினால் அதிலும் பாதி ஷிப்ட் அப்படித்தான் போகும்.

காற்றாலையிலும் இதே பாடம் உண்டு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பிப் பல்லடம், உடுமலைப் பக்கம் மில்காரர்களும் பனியன்காரர்களும் காற்றாலை நட்டார்கள். கரண்ட் பில்லைக் குறைப்பதற்கென்று நட்டவர்களுக்கு அது மின்வெட்டுக் காலத்தில் கை கொடுத்தது. முதல் வருடமே 80 சதவீதத் தேய்மானம் காட்டலாம் என்பதற்காக மட்டும் நட்டவர்களுக்கு, 2017இல் அது 40 சதவீதமாகக் குறைந்ததும் சுவாரசியம் போய்விட்டது.

ஒரே பையர்தான். நன்றாகத்தான் போகிறது. வேறு யாரைத் தேட?

2025 ஆகஸ்ட் மாதத்தை நினைத்துப் பாருங்கள். 7ஆம் தேதி அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 25 சதவீதக் கூடுதல் வரி போட்டது. 27ஆம் தேதி இன்னொரு 25 சேர்ந்து 50 ஆனது. இருபது நாள் இடைவெளி. அமெரிக்க பையர் ஒருவரை மட்டும் நம்பியிருந்த கம்பெனிகளில் தைத்து முடித்த சரக்கே நின்றது, தள்ளுபடி கேட்டார்கள். ஐரோப்பாவுக்கும் உள்நாட்டுக்கும் சேர்த்து அனுப்பிக்கொண்டிருந்தவர்களுக்கும் அடிதான், ஆனால் சனிக்கிழமை சம்பளம் நிற்கவில்லை.

புது பையர் என்பவர் தேவை வந்த மாதத்தில் கிடைப்பவர் அல்லர். சாம்பிள், திருத்தம், மறுபடி சாம்பிள், விலை, தொழிற்சாலைத் தணிக்கை, சிறிய சோதனை ஆர்டர் என்று போனால் வருடம் ஓடிவிடும். தணிக்கைக்குத் தேவையான வருகைப் பதிவேடு, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., தீயணைப்பு ஏற்பாடு, ஆர்கானிக் சான்றிதழ் ஆகியவற்றை ஒரே வாரத்தில் ஜோடிக்க முடியாது, ஜோடித்தால் வந்தவருக்குத் தெரிந்துவிடும். நன்றாகப் போகிற காலத்தில்தான் இதற்கெல்லாம் ஆளும் பணமும் இருக்கும்.

ஒரு பையரின் பங்கு மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் எனக்குக் கவலை வரும். மூன்றில் இரண்டைத் தாண்டினால், நீங்கள் நடத்துவது அவருடைய யூனிட். சம்பளம் மட்டும் உங்கள் பொறுப்பு.

லாரி வைத்திருக்கிறேன். வண்டி ஓடினால்தான் தவணை. எனக்கு என்ன திட்டம்?

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் இருந்து இந்தக் கேள்வி வரும். லாரித் தொழிலின் ஏமாற்று வித்தை, தினமும் கையில் பணம் புரள்வது. வாடகை வந்தது, டீசல், சுங்கம், டிரைவர் படி போக இவ்வளவு மிச்சம் என்று தோன்றும். அந்த மிச்சத்துக்குள் டயர் இருக்கிறது, எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) இருக்கிறது, இன்சூரன்ஸ் இருக்கிறது, ஒருநாள் இந்த வண்டி பழையதாகிப் பாதி விலைக்குப் போகப்போவதும் இருக்கிறது.

கிலோமீட்டருக்குக் கணக்கிடுங்கள். பத்து டயரின் விலையை அவை ஓடும் தூரத்தால் வகுங்கள், ரூபாயும் பைசாவுமாக ஓர் எண் வரும். அதேபோல் இன்சூரன்ஸ், வரி, எஃப்.சி. ஆகியவற்றை வருடத்து ஓட்டத்தால் வகுங்கள். வண்டி வாங்கிய விலைக்கும் விற்கப்போகும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தையும் வகுங்கள். எல்லாவற்றையும் கூட்டிய எண்ணை டிரைவருக்கும் புக்கிங் ஆளுக்கும் சொல்லிவிடுங்கள். அதற்குக் கீழே லோடு எடுக்க வேண்டாம். திரும்பும் லோடு மட்டும் விலக்கு, காலியாக வருவதைவிட டீசல் காசாவது வரட்டும். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்காரர்களும் கிலோமீட்டருக்குப் பதில் அடிக்கணக்கில் இதையே செய்யலாம்.

இரண்டாவது வண்டி வாங்குவது இந்த எண் தெரிந்த பிறகு.

அப்பா இன்னும் கல்லாவை விடவில்லை. நான் புதிதாக எது சொன்னாலும் ‘முதலில் இன்றைய டெலிவரியைப் பார்’ என்கிறார். என்ன செய்வது?

இந்தக் கேள்வியை மகன்கள் தனியாக வந்து கேட்கிறார்கள். அடுத்த வாரம் அப்பா தனியாக வந்து, ‘பையனுக்கு மண்ணில் கால் படமாட்டேன் என்கிறது, லேப்டாப்பில் பத்து வருடத் திட்டம் போடுகிறான்’ என்கிறார். இரண்டு பேரும் சொல்வது சரி. அப்பாவுக்கு அன்றாடம் கைவசம், மகனுக்கு எதிர்காலம் கண்ணுக்குத் தெரிகிறது. ஒரே மேசையில் உட்கார்ந்தால் சண்டை வருகிறது, அவ்வளவுதான்.

மகனுக்கு ‘டைரக்டர்’ என்று விசிட்டிங் கார்டு அடிப்பதில் பயனில்லை. ஒரு முழு வேலையைக் கொடுங்கள், நட்டமும் அவன் பெயரில் எழுதப்படும்படி. ஒரு புதிய வாடிக்கையாளர், அல்லது ஒரு புதிய சரக்கு. வாங்குவது, விலை போடுவது, அனுப்புவது, பணம் வசூலிப்பது எல்லாம் அவன். தொகைக்கு ஒரு வரம்பு வையுங்கள். இரண்டு வருடத்தில் அவனுக்கு டெலிவரியின் அருமை தெரியும், அப்பாவுக்கு அவன் கணக்குப் புரியும். தம்பிகளே, நீங்களும் ஒன்று செய்யலாம்: அப்பாவிடம் புதுத் திட்டத்தைச் சொல்வதற்கு முன், பழைய பாக்கிகளில் ஒன்றை வசூலித்துக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் பேசுங்கள். பேச்சு வேறு மாதிரிப் போகும்.

பெரியப்பா, சித்தப்பா பங்கு உள்ள கம்பெனி என்றால் இன்னும் ஒன்று. யாருக்கு எவ்வளவு பங்கு, பிரிந்தால் எந்த விலைக்கு, அடுத்த தலைமுறையில் யார் உள்ளே வரலாம் என்பதை உறவு நன்றாக இருக்கும்போதே எழுதி வையுங்கள். பங்காளிச் சண்டையில் நின்ற பட்டறைகள், மின்வெட்டில் நின்ற பட்டறைகளைவிடக் குறைவில்லை. பெண் பிள்ளைகளையும் கேளுங்கள். பல வீடுகளில் கம்பெனிக் கணக்கு முழுவதையும் வைத்திருப்பது மகள்தான், பங்கு பேசும்போது மட்டும் அவள் பெயர் மறந்துவிடுகிறது.

மாஸ்டர் ஒருவர் போய்விட்டால் எல்லாம் நின்றுவிடும். அவரை விட்டு எப்படி அடுத்ததை யோசிப்பது?

வார்ப்படப் பட்டறையில் உலை ஆளிடம் ஒரு பாக்கெட் நோட்டு இருக்கும். எந்தப் பேட்டர்னுக்கு எவ்வளவு ஸ்கிராப், எவ்வளவு பிக் அயர்ன், எந்த நேரத்தில் ஊற்றினால் ஊசித்துளை விழாது என்பதெல்லாம் கரி படிந்த அந்த நோட்டில் பென்சிலில் இருக்கும். அது முதலாளியின் சொத்துப் பட்டியலில் இல்லை. இருக்க வேண்டியதிலேயே விலை கூடியது அதுதான். அவருக்குக் கூடுதல் சம்பளம் கொடுத்து, ஒரு பையனை அவருடன் நிறுத்தி, அந்த நோட்டைக் கணினியில் ஏற்றுங்கள். பறித்துக்கொள்வதுபோல் செய்யாதீர்கள். அவருக்கு மரியாதையும் பணமும் கூடுகிறது என்று தெரிந்தால் அவரே சொல்வார்.

வருடத்தில் எந்த நேரத்தில் உட்கார்ந்து பெரிய கணக்குப் பார்ப்பது?

மார்ச் மாதத்தில் வேண்டாம், அது ஆடிட்டருக்கு. பனியன் தொழிலில் தீபாவளிக்குப் போனஸ் போட்டு ஆட்கள் ஊருக்குப் போய் மெஷின்கள் நிற்கும் நாட்கள் நல்லவை. வட மாநிலத்துத் தொழிலாளர்கள் திரும்பி வரும் வரை ஒரு அமைதி இருக்கும். பம்பு தொழிலுக்குக் கோடை விற்பனை முடிந்து மழை பிடிக்கும் மாதங்கள். ஜவுளிக் கடைக்கு ஆடித் தள்ளுபடி முடிந்த பின். ஒரு முழு நாள் போதும்.

கோவை கொடிசியா வளாகத்தில் நடக்கும் இன்டெக் இயந்திரக் கண்காட்சிக்கோ திருப்பூர் நிட்ஃபேர் பின்னலாடைக் கண்காட்சிக்கோ போகிறவர்கள் பை நிறையக் கையேடு கொண்டுவருகிறார்கள். மூன்று கேள்வியை எழுதிக்கொண்டு போங்கள், விடை கிடைத்ததும் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

எந்தெந்த எண்களைப் பார்த்தால் போதும்?

கையில் உள்ள ஆர்டர் எத்தனை வாரத்துக்கு வரும். இருக்கும் ரொக்கத்தில் எத்தனை சனிக்கிழமை சம்பளம் போடலாம். 45 நாள் தாண்டிய பாக்கி எவ்வளவு. திரும்பி வந்த அல்லது கழிக்கப்பட்ட சரக்கு எத்தனை சதவீதம். ஒரு தாளில் எழுதி, வாரா வாரம் பழைய தாளின் பக்கத்தில் வையுங்கள். ஜி.எஸ்.டி.க்கு 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் எப்படியும் விற்பனை, கொள்முதல் விவரம் எடுக்கத்தான் போகிறீர்கள். அதே விவரத்தில் பாதி வேலை முடிந்துவிடும்.

ஆலோசகர் வைத்துக்கொள்ளலாமா?

உங்களிடம் இல்லாத ஒரு குறிப்பிட்ட அறிவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்: ஏற்றுமதி ஆவணம், மின் சேமிப்பு, சான்றிதழ். ‘தொழிலை எங்கே கொண்டுபோவது’ என்று முடிவு செய்து தருவதற்கு வேண்டாம்.

திட்டம் போட்டு நடந்துகொண்டிருக்கும்போது பெரிய ஆர்டர் ஒன்று வந்தால்? எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிடலாம் அல்லவா?

புதன்கிழமை அரைநாளை ஒரு வாரம் தள்ளலாம், இரண்டாவது வாரம் தள்ளாதீர்கள். ஆர்டரை ஏற்பதற்கு முன் அந்தத் தாளை எடுங்கள். இதை முடிக்கும் வரை எத்தனை சனிக்கிழமை வரும், அதற்குப் பணம் இருக்கிறதா, பழைய வாடிக்கையாளர் யாருடைய சரக்கு பின்னால் போகும், அவரிடம் இன்றே சொல்ல முடியுமா என்று பாருங்கள். ஒன்றரை ஷிப்ட் ஓட்டி முடித்துவிடலாம் என்று சூப்பர்வைசர் சொல்வார். அவர் எப்போதும் அப்படித்தான் சொல்வார். கட்டிங் மாஸ்டரையும் செக்கிங் அக்காவையும் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். மூவரும் ஒரே தேதியைச் சொன்னால் எடுங்கள். சொல்லாவிட்டால் அளவைப் பாதியாகக் குறைத்துக் கேளுங்கள், அல்லது பையரிடம் இரண்டு டெலிவரியாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். பெரும்பாலான பையர்கள் ஒத்துக்கொள்கிறார்கள், நாம்தான் கேட்பதில்லை.